ட்வெய்ட்டாவில் விழுந்த யாழ்ப்பாணம்

போன சனிக்கிழமை ஒஸ்லோவின் ரொம்மனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய கணினி மூச்சிரைத்து, சூடான தூசி மணத்தை அறை முழுக்க விட்டது. திரையில் உலகப்படம். ராச்சியங்களைப் பிடித்து ஆளுகிற விளையாட்டின் புதுப் பதிப்பாம். எனக்குக் கை பரபரத்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் ஒஸ்லோத் தமிழருக்குள் இந்த விளையாட்டுக்கு முன்னோடி நானே. மறுப்பவர்கள் நேரில் வரலாம்.

அந்த மணம் என்னை நேரே ட்வெய்ட்டா அடுக்குமாடியின் பதினோராம் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனது. நானும் மன்னார் அன்ரனும் துப்பரவு வேலை செய்து ஒரே அறையில் இருந்த காலம். யாரோ எறிந்த கணினிக்கு உயிர் கொடுத்தவன் நான். (அன்ரனும் ஒரு வயர் செருகினான். சொல்லாவிட்டால் கோபிப்பான்.) ஐந்நூறு வருசத்துக்கு முந்திய உலகத்தில், கடுகளவில், யாழ்ப்பாண ராச்சியம்!

"மன்னார் எங்கையடா?"

"உள்ளுக்கை கிடக்கு. பேசாமல் இரு, நான்தான் ராசா."

போர்த்துக்கீசப் பறங்கிக்கு இந்த முறை யாழ்ப்பாணத்தை விடமாட்டேன் என்று, மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில், சுவாமியார் உட்பட எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இனி மானப் பிரச்சினை.

திரையில் ஆங்கிலப் பெட்டிகள் எழும்பும். எனக்கு வாசிக்க வராது. படத்தையும் நிறத்தையும் பார்த்து அமத்துவேன். ஒரு பெட்டியில் சிலுவை. சிலுவையை மறுக்கலாமா? நெற்றியில் அடையாளம் போட்டு அமத்தினேன். ராச்சியமே கத்தோலிக்கமாகிவிட்டது. ஊரெல்லாம் கலகம்.

"பறங்கி வந்து செய்யவேண்டிய வேலையை நீயே செய்துபோட்டியேடா!" அன்ரன் கட்டிலில் விழுந்து சிரித்தான்.

அடுத்து, பறங்கி ராசாவின் முத்திரையோடு ஒரு கடிதம்.

"ஆரையும் கேட்டு வாசிப்பமடா."

"பறங்கியின்ரை கடிதத்திலை வாசிக்க என்ன கிடக்கு?"

அன்ரன் அதை எழுத்தெழுத்தாய் ஒரு கடதாசித் துண்டில் பார்த்தெழுதி முடிக்குமட்டும் பொறுத்தேன். பிறகு வீரமாய், மறுக்கிற சிவப்பை அமத்தினேன். கப்பல்கள் வந்தன. ஐந்து நிமிடத்தில் யாழ்ப்பாணம் போய்விட்டது.

கீழ்மாடிச் சென்னை இஞ்சினியர், அன்ரன் நீட்டிய துண்டை வாசித்துவிட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "சார், நீங்க அவங்க மதத்துக்கு மாறிட்டீங்கன்னு சந்தோஷப்பட்டு, கூட்டணிக்குக் கேட்டிருக்காங்க!"

அந்த ஞாயிறு பூசை கண்டேன், கோப்பிக்கு நிற்கவில்லை. அன்ரன் நின்றான். கனகாலம் எனக்கு 'வாசியாத ராசா' என்றுதான் பெயர்.

மகளின் விளையாட்டில் படைகள் தாமே நடக்கின்றன. சண்டையை விட அரிசி விலையும் கமக்காரரின் மனக்குறையும்தான் கூட. கந்தோரில் இருந்து கணக்குப் பார்க்கிற வேலை மாதிரி. நான் எதையோ மறுக்கப் போனேன். பெட்டிக்குள் இன்னொரு பெட்டி எழும்பியது.

"ஸ்லாப் ஆவ், அப்பா, பதறாதேங்கோ," என்றாள் மகள். "மறுத்தால் கோட்டை போகும் எண்டு அது முதலே சொல்லுது. பிழைவிட விடாது."

இப்போது வடகோடி ஹம்மர்பெஸ்டில் இருக்கும் அன்ரனுக்கு உடனே போன் எடுத்து எல்லாம் சொன்னேன்.

"அப்ப இனி ஆர் ஆரைப் பாத்தடா சிரிக்கிறது?" என்றான்.