சூடு ஆறட்டும்

முதலில் உள்ளங்கையைத்தான் வைப்பார் உத்தமன். வணக்கம், விலை, வண்டியின் வயது எல்லாம் அப்புறம். பழைய மினி டிராக்டர் எதைப் பார்க்கப் போனாலும் பானெட்டைத் தூக்கி இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார். இளஞ்சூடு இருந்தால் போச்சு. "நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான். காலைல இது சீக்கு மாடாட்டம் படுத்துக்கும். வாங்க போலாம்" என்று என் பைக்கில் ஏறிக்கொள்வார். பொம்மனஹள்ளியில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிற ஒரே பாவத்துக்காக, ஞாயிறுதோறும் அவரைச் சுமந்து அலைந்தவன் நான்.

பொம்மசந்திராவில் லேத் முன்னால் நின்றே வயதைக் கழித்த மனுஷன். கம்பெனியை மூடியபோது வந்த பணத்தையெல்லாம் ஆனேக்கல் பக்கம் முக்கால் ஏக்கரில் போட்டார். இப்போது மூன்று பக்கமும் வீட்டுமனை லேஅவுட் சுவர். மிச்சமிருக்கும் பக்கம் ஒரு சந்து. பெரிய டிராக்டர் நுழையாது. உள்ளே பார்த்தீனியக் களை இடுப்பு உயரம். "இந்த மழைக்கு ராகி விதைக்கலேன்னா, அந்த லேஅவுட்டு நரேஷ் கேக்குறான்ல, குடுத்துடணும். என்னால இனி ஆகாது" என்று மனைவி சீதாலட்சுமி சொல்லிவிட்டார். உத்தமனும் தலையாட்டிவிட்டார். அப்புறம் அவருக்கு ஏது தூக்கம்!

கடைசியில் சர்ஜாபுரா பக்கம் டென்சில் என்பவர் தோட்டத்தில் ஒரு பழைய ஜப்பான் வண்டி. உத்தமன் போனிலேயே கறாராகச் சொன்னார்: "நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க சார்." டென்சில் தொடவில்லை. இன்ஜின் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. உத்தமன் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன்" என்றார் டென்சில்.

"எதுக்கு சார்? கோல்டுலயே எடுக்குதே!" என்று உடனே அணைத்துவிட்டார். ஓட்டித் தொலைத்திருக்கலாம்.

வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வண்டிக்கு வியாதியே சூட்டில்தான் என்று. காலையில் சமர்த்தாகக் கிளம்பும். நாலு சால் ஓட்டினால் நின்றுவிடும். நின்றால், முழுக்க ஆறும்வரை என்ன செய்தாலும் கிளம்பாது. "பம்ப் தேஞ்சிருக்குண்ணா. இதுக்கு பார்ட்ஸ் எங்கயும் சிக்காது" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

மழை வந்தது, விதைப்புக் காலமும் போய்க்கொண்டே இருந்தது. உத்தமன் ஓட்டுவார், ஆறக் காத்திருப்பார், மறுபடி ஓட்டுவார். உழுத இடத்தில் பின்னாலேயே பார்த்தீனியம் முளைத்தது. சீதாலட்சுமி சாப்பாடு கட்டிக்கொடுப்பதை நிறுத்தவில்லை. நிலத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினார். போன வாரம் அவரே நரேஷுக்குப் போன் போட்டுவிட்டார். எனக்கு யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நேற்று நான் போனபோது நரேஷ் அளவு டேப்போடு ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். நிலத்தின் நடுவில் நின்றுபோன டிராக்டர். பானெட் திறந்திருக்க, இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தபடி உத்தமன்.

"ஸ்வல்ப இருங்க. ஆறிட்டே வருது."

"எல்லைக் கல்லு எந்தப் பக்கம் சார்?" என்றார் நரேஷ்.

உத்தமன் இடது கையை நீட்டி மூலையைக் காட்டினார். வலது கையை இன்ஜினிலிருந்து எடுக்கவில்லை.