உள்தாள் மாறிய வாரம்

1992-ஆம் வருஷம், கோடைக்காலம். பெங்களூரில் காவிரிக் கலவரம் ஓய்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளைகளா, நீங்கள் அப்போது பிறக்கவில்லை. விவேக் நகர் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் நான் வேலை பார்த்தேன். அங்கே ஒரு தமிழ் வாரப் பத்திரிகையும் ஒரு கன்னட வாரப் பத்திரிகையும் அச்சாகும். வெளித்தாள், உள்தாள் என்று தனித்தனியாக வரும். ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகி, மடித்துக் கட்ட வேண்டும். தமிழுக்கு நான், கன்னடத்துக்கு இன்னொருவர். இரண்டு பேருக்கும் ஒரே மேஜை.

ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் கரண்ட் போய்விட்டது. பக்கத்து ஊரான ஆனேக்கலுக்குப் போகும் கட்டுகளை மட்டும் அரைகுறை வெளிச்சத்தில் மடித்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். விடிந்ததும் எங்கள் பத்திரிகை ஆசிரியர் மிச்சமிருந்த பிரதி ஒன்றைப் பிரித்தார்.

"என்னய்யா இது? மேல தமிழ், உள்ள கன்னடம்! அப்ப அவங்க பேப்பருக்குள்ள நம்மது போயிருக்குமே!"

யார் மாற்றிச் சொருகினோம் என்று மடித்த எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது. கலவர நாட்களில் எங்கள் அச்சகம் தமிழ்ப் போர்டைக் கழற்றி உள்ளே வைத்திருந்தது. கன்னடப் பத்திரிகை வாங்கியவர் கையில் தமிழ்த் தாள் இருந்தால், வேண்டுமென்றே செய்ததாக நினைத்துவிட்டால்? ஆனேக்கல் கடைக்காரர் இரண்டையும் விற்பவர். அடி முதலில் அவருக்குத்தான் விழும்.

"ஓடு, கட்டைப் பிரிக்கிறதுக்குள்ள புடி" என்று ஆசிரியர் என்னை விரட்டினார்.

பஸ் ஊர்ந்துதான் போனது. ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், அந்தக் கடை முன்னால் ஒரே கூட்டம், சத்தம். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கடைக்காரரை நினைத்துக் கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

அங்கே ஒரு கன்னடப் பெரியவர், பூ விற்கும் தமிழ்ப் பெண்ணிடம் எங்கள் உள்தாளை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஓதம்மா, கும்ப ராசிக்கு ஏனு ஹாகிதாரே?"

கும்ப ராசிக்கு என்ன போட்டிருக்கிறது, படி என்கிறார்; உள்தாளில்தான் ராசிபலன். அந்தப் பெண் படித்தாள். "கும்பம். பயணத்தால் நன்மை. போன காரியம் ஜெயம்."

பக்கத்தில் ஒரு தமிழ் இளைஞர், கன்னட உள்தாளைப் பெரியவரிடம் கொடுத்தார். "எனக்கும் கும்பம்தான் சாமி. இதுல என்ன போட்டிருக்கு?"

பெரியவர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டை விட்டு வெளிய போகாதேன்னு போட்டிருக்கு! நான் மகனுக்குப் பொண்ணு பார்க்க ஹோசூர் போறேன் தம்பி. நிம்ம தமிழ் பேப்பரே சரி!"

கூட்டமே சிரித்தது. "அப்ப நான் இன்னிக்கு டூட்டிக்குப் போகல" என்றார் இளைஞர். மறுபடி சிரிப்பு.

கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "கட்டைத் திரும்ப வாங்கிட்டுப் போக வந்தியா? ரெண்டு கட்டும் காலி. போய் டீ குடிப்பா."

எங்கள் பத்திரிகை சில வருடங்களில் நின்றுவிட்டது. அன்று மிஞ்சிய பிரதி ஒன்று நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மேலே தமிழ், உள்ளே கன்னடம். ஆனேக்கல்காரர்கள் என்ன செய்வார்களோ என்று நானாகக் கற்பனை செய்துகொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, அவர்கள் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது மறந்துபோகக் கூடாது என்றுதான் அந்த உள்தாளை நான் இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.