கோயில்பாருக்கு வைத்த புள்ளி

2004இல் ஊர்காவற்றுறையில் ஓர் அறையையும் இரண்டு கணினிகளையும் தந்து, தீவுகளுக்கு டிஜிட்டல் நூலகம் ஒன்று செய்யச் சொன்னார்கள். வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் அந்த இடத்துப் படம், பழைய காணி உறுதிப் பத்திரம், குரல்பதிவு எல்லாம் வரவேண்டும். கடலையும் விடவில்லை. மீன் கூடும் பாறைத்திட்டுகளைக் கடற்றொழிலாளிகள் 'பார்' என்பார்கள். அவற்றையும் பெயரோடு ஏற்றினோம். என்னை நானே நிபுணன் என்று நம்பியிருந்த காலம் அது.

ஒரு காற்றுக்காலப் பின்னேரம் மேரி அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்தார். அவருடைய கணவரின் படகு இயந்திரம் கடலில் நின்றுவிட்டது. "கோயில்பாரில நிக்கிறன், நங்கூரம் இழுபடுது" என்றதோடு கைப்பேசி அறுந்துவிட்டதாம். தேடிப் போக அக்காவின் தம்பி அந்தோனி துறையில் படகோடு நின்றார். அவர் வடக்குக் கடலில் தொழில் செய்பவர். அந்தப் பார் அவருக்குத் தெரியாது.

கம்பீரமாகப் பெயரைத் தட்டினேன். வரைபடம் முழுவதும் கொடிகள் முளைத்தன. பிள்ளையார் கோயில், வைரவர் கோயில், அம்மன் கோயில்.

"தம்பி, ஆள் கடலில நிக்குது. நீர் கோயில் காட்டுறீர்" என்றார் மேரி அக்கா.

திரும்பத் தட்டினேன். அதே கோயில்கள். அப்போதுதான் விளங்கியது. அந்நாளைய தமிழ் எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி, கணினிக்குள் அரைப்புள்ளியாக (;) இருக்கும். என் நிரலோ அரைப்புள்ளியைக் கண்டால் கட்டளை முடிந்தது என்று நின்றுவிடும். 'கோயில்' வரைக்கும் போனது, 'பார்' போகவில்லை. அத்தனை கோயில்களுக்குள் கோயில்பாரும் எங்கோ புதைந்துகிடந்தது. நான் சோதித்துப் பார்த்த பெயர் வேலணை. அதில் மருந்துக்கும் ஒரு புள்ளி இல்லை!

நிரலைத் திருத்த நேரமில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, எந்தப் பக்கம் போறவர்?"

"நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் நடுவில."

எழுத்தை விட்டேன். அந்தக் கடலைச் சுற்றிக் கணினி எலியால் ஒரு பெட்டி வரைந்தேன். அழகுக்காகச் சேர்த்த வசதி அது. பெட்டிக்குள் மூன்று பார்கள் வந்தன. நடுவில் இருந்தது கோயில்பார். எங்கள் ஜி.பி.எஸ். கருவியில் அந்த இடத்தைப் பதிந்து, அம்பு காட்டும் பக்கம் போகும்படி அந்தோனியிடம் கொடுத்தேன்.

துறையில் மேரி அக்கா செபமாலை உருட்டினார். நான் நகம் கடித்தேன். கடிக்க நகம் முடிந்த பிறகுதான் ஒரு படகு இன்னொன்றை இழுத்துவருவது தெரிந்தது.

இளையவர்களுக்கு ஒன்று. தேட வருகிறவருக்கு இடம் தெரிந்திருக்கும். பெயரை உங்கள் நிரல் விழுங்கிவிடக்கூடும். இரண்டு வழியும் திறந்திருக்கட்டும். சோதிக்கும்போது 'ஊர்காவற்றுறை' என்று தட்டிப் பாருங்கள். புள்ளிக்குப் பஞ்சமில்லை.

மேரி அக்கா என்னைச் சந்தியில் கண்டால் கேட்பது ஒன்றே:

"தம்பி, இண்டைக்கு எத்தினை கோயில்?"