அப்பாவுக்கு வந்தது மூலம் இல்லை

இந்த நாட்டில் வியாதியை வியாதிக்காரரிடமே சொல்லிவிடுகிறார்கள். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. நம் திருவண்ணாமலையில் டாக்டர் “கூட யார் வந்திருக்காங்க?” என்று கேட்டால் சமாச்சாரம் மோசம் என்று அர்த்தம். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே மகனிடமோ மச்சானிடமோ பேசுவார்கள். அன்று ஸ்கேன் முடிவு கேட்கப் போனபோது இங்கே நர்ஸும் அதையே கேட்டாள். “எதுவானாலும் என்னிடமே சொல்லுங்கள்” என்றேன். அவள் விழித்தாள். இன்னொரு நாற்காலி போட வேண்டுமா என்பதற்காகக் கேட்டிருக்கிறாள், பாவம்.

எனக்கு மலக்குடலில் புற்றுநோய். கதிர்வீச்சும் மருந்தும் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஆபரேஷனுக்கு முன்னால், கட்டி எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்க்க மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தார்கள். சர்ஜன் திரையை என் பக்கம் திருப்பி, பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். முன்பு சாம்பல் நிறத்தில் புடைத்துக்கொண்டிருந்த இடம் பெரும்பாலும் கறுத்துச் சுருங்கியிருந்தது. கறுப்பு என்றால் தழும்பு, நல்லது என்றார். ஆனால் கீழே, ஆசனவாய்த் தசையை ஒட்டி, சாம்பல் அப்படியே இருந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிடலாம். ஆனால் அந்தத் தசையும் போய்விடும் என்பதால், மலம் போக வயிற்றில் காலத்துக்கும் பை வைக்க வேண்டும் என்றார். முன்பே வந்திருந்தால் பை தேவைப்பட்டிருக்காதா என்று கேட்டேன். “இருக்கலாம்” என்றவர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று விசாரித்தார். அப்பாவுக்கு மூலம் மட்டும்தான் என்றேன்.

அதை நம்பித்தான் நானும் கெட்டேன். ஊரில், வேங்கிக்கால் வீட்டில் அப்பா ரத்தம் போய்ப் போய் வெளுத்துக் கிடந்தபோது, அம்மா மூலத்துக்கு நல்லதென்று துத்திக்கீரையும் கருணைக்கிழங்கு மசியலுமாகச் செய்து போட்டாள். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அதிக நாள் இல்லை. இங்கே எனக்கும் ரத்தம் போனபோது, நம் வீட்டு மூலம் என்னையும் பிடித்துக்கொண்டது என்று தமிழ்க் கடையில் கருணைக்கிழங்கு வாங்கித் தின்றேன். வருடக்கணக்கில் தின்றேன்.

சர்ஜன் கேட்டதைச் சொல்லி அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“அப்பாவுக்கும் அதாம்மா. அப்ப உனுக்கு லண்டன் மாப்பிள்ளை பேசிட்டிருந்தோம். கேன்சர் வூடுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்?”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும். உனுக்குத்தான் சொல்லல. உன் நல்லதுக்குத்தான்.”

என் நல்லது இப்போது பையாக வயிற்றில் தொங்கப்போகிறது. இவ்வளவு பேர் கூடி என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். அதில் ஒருவருக்குக்கூட, கல்யாணம் முடிந்த பிறகாவது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அண்ணன் அதோடு விடவில்லை. “ஊர்ல கேக்கறவங்களுக்கு உனுக்கு மூல ஆபரேஷன்னு சொல்லியிருக்கேன். நீயும் அப்டியே சொல்லிடும்மா. கீதாவுக்கு வரன் பாக்கறோம்.”

“உன் பொண்ணுக்காவது தெரியுமா?”

“அவளுக்கு எதுக்கு?”

“நான் சொல்லப்போறேன்.”

அவன் அழுதான். கோபமில்லாமல் அழுததுதான் என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் பௌர்ணமிக்கு என் பேரில் மலை சுற்றப்போவதாகச் சொன்னான். பெற்றவர்களே மறைக்கும் வியாதியை, என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டிவிட்டார். ஆனாலும் எனக்காகச் செருப்பில்லாமல் நடக்க அங்கேதான் ஆள் இருக்கிறது.

“அண்ணாமலையார்கிட்டயாவது கேன்சர்னு சொல்லுவியா, இல்ல அங்கயும் மூலம்தானா?” என்று கேட்டேன்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு லைனிலேயே இருந்தான். நானும் போனை வைக்கவில்லை.