குளத்து ஊருக்குப் போன தண்ணீர்

அறுபதுகளின் தொடக்கத்தில், பட்டத்துக்கான ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இரண்டு ஊர்களில் குழந்தைகளை எடை போட்டுத் திரிந்தேன். நல்ல தண்ணீர் குடித்து வளரும் குழந்தைக்கும் குளத்துத் தண்ணீர் குடித்து வளரும் குழந்தைக்கும் சில ஆண்டுகள் கழித்து உடம்பில் என்ன வித்தியாசம் தெரியும் என்பதுதான் கேள்வி. நான் குடியிருந்த ஊரில் புதிதாகக் கைப்பம்பு போட்டிருந்தார்கள். ஏரிக்கரையைத் தாண்டினால் அடுத்த ஊர், அங்கே குளம்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊர் வேண்டுமே! ஆராய்ச்சி முடியும்வரை அங்கே பம்பு வேண்டாம் என்று என் பேராசிரியர் அதிகாரிகளிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஊர்களைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. ஒரே ஏரிப் பாசனம், ஒரே கூழ், இங்கே பெண் எடுத்து அங்கே பெண் கொடுத்த உறவு. தண்ணீர் ஒன்றுதான் வேறு. "இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது" என்று பேராசிரியரே மெச்சினார்.

இரண்டாம் வருஷம் பம்பு ஊரில் வயிற்றுப்போக்கு குறைந்து குழந்தைகள் தேறின. துள்ளிக் குதித்தேன். ஆனால் குளத்து ஊர்க் குழந்தைகளும் அல்லவா தேறிக்கொண்டு வந்தன! தராசில்தான் கோளாறு என்று அதை வாலாஜாபாத்துக்குத் தூக்கிப்போய், ஓர் அரிசி மில்லில் படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தேன். தராசு ஒழுங்காகவே இருந்தது. வித்தியாசம் தெரியவில்லையென்றால் எனக்குப் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் அப்பா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

ஒருநாள் காலை ஏரிக்கரையில் நடந்துபோகும்போது ஒரு மாட்டு வண்டி என்னைத் தாண்டியது. உள்ளே என் வீட்டுக்கார அம்மாளும் ஊர்ப் பெண்கள் சிலரும். வைக்கோல் மேல் வரிசையாகக் குடங்கள், வாயில் துணி கட்டி.

"என்னம்மா இதெல்லாம்?"

"பம்புத் தண்ணிதான். பொண்ணு வூட்டுக்கு வெறுங்கையோட போவ முடியுமா? முன்னெல்லாம் வாயப்பயம் எடுத்துக்கினு போவோம். இப்போ தெனமும் இதான் போவுது."

அந்த ஊர் மருமகள்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பெண்கள். எந்த உறவைச் சொல்லிப் பெருமைப்பட்டேனோ, அதுவே என்னைக் கவிழ்த்துவிட்டது.

"ஒரே ஒரு வருஷம் நிறுத்தி வைங்களேன். என் படிப்பே இதுலதான் இருக்கு" என்று கெஞ்சினேன்.

அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா பேசறே? கொளத்துத் தண்ணி கொயந்தைக்கு ஆவாதுன்னு வூடு வூடா வந்து சொன்னது நீதானே? இப்போ என் பேரன் பேதியாயி கெடந்தாத்தான் நீ பாஸ் ஆவியா?"

வண்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஏறி, ஒரு குடத்தை மடியில் அணைத்துக்கொண்டு நானும் போனேன்.

மறுநாளே சென்னைக்குப் பஸ் ஏறினேன். முழுக் கதையையும் கேட்ட பேராசிரியர், "அந்த வண்டியை நிறுத்தச் சொல்லு" என்றார்.

"அங்கேயும் பம்பு போடச் சொல்லுங்க சார்."

"போட்டா உன் கேள்விக்கு விடையே கிடைக்காது, தெரியுமா?"

"விடை அந்த அம்மாக்களுக்குத் தெரிஞ்சுபோச்சு சார். அதனாலதான் சுமந்துக்கிட்டுப் போறாங்க."

மேஜையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்க அப்பாவுக்கு நீயே சொல்லிக்கோ" என்று சொல்லி, அதிகாரிகளை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார்.

மழைக்கு முன்பே குளத்து ஊரில் பம்பு வந்துவிட்டது. நான் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றதில் அப்பா வெகுநாள் என்னோடு பேசவில்லை. பம்பு திறந்த அன்று வீட்டுக்கார அம்மாளின் பேரன் குழாய்க்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு நின்றான். பம்பை நான்தான் அடித்தேன். தண்ணீர் அவன் முகமெல்லாம் கொட்டியது. என் ஆராய்ச்சி செத்த அன்று இருந்த சந்தோஷம், பின்னால் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு இருந்ததில்லை.