பூங்காவனத்தின் வலது கை

என் மனைவியின் கையைக் கெடுத்தவன் நான். அறுவை செய்த மருத்துவர் அல்லர்... நான்!

"பாவம், பயத்தில் செய்திருப்பான்" என்று நீங்கள் அவசரப்பட்டு இரங்கிவிடாதீர்கள். அந்த இரக்கத்தைக் கண்டால்தான் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. முழுவதையும் கேளுங்கள்.

மாநிலங்களைப் பிரித்தபோது ஆந்திரப் பக்கம் விழுந்த தமிழ் ஊர் எங்களுடையது, சத்தியவேட்டுக்கு அருகில். நான் அங்கே பள்ளியில் தமிழ் ஆசிரியன். தெலுங்கும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பூங்காவனம் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சந்தையில் விலை கேட்கும் அளவுக்கு மேல் அவளுக்குத் தெலுங்கு வராது.

அவள் வலது மார்பில் கட்டி கண்டது. புற்றுநோய் என்றார்கள். திருப்பதியில் அறுவை. மருத்துவர் கர்னூல் பக்கத்துக்காரர், தமிழ் அறியாதவர். அவர் தெலுங்கில் சொன்னதை நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். அன்று ஒரு சொல்லும் பிசகவில்லை.

அவர் சொன்னது இதுதான்: அக்குளில் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த நெறி. நோய் பரவினால் முதலில் அங்கேதான் போகும். நீலச் சாயம் செலுத்தி, அது போய்ச் சேரும் முதல் சில கணுக்களை மட்டும் எடுப்பார்கள். அவள் மயக்கத்தில் இருக்கும்போதே அவற்றைச் சோதிப்பார்கள். நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொடமாட்டார்கள். இருந்தால் அக்குளையே வழித்தெடுப்பார்கள். அப்படி எடுத்தால் பிற்பாடு கை வீங்கக்கூடும்.

பூங்காவனம் கூர்ந்து கேட்டாள். ஸ்ரீ சிட்டியில், கைபேசி செய்யும் ஆலையில் நுண்ணிய திருகுகளை முடுக்கும் வேலை அவளுக்கு.

"சுத்தமா கீதுன்னா ஒண்ணையும் தொடக்கூடாதுன்னு சொல்லுயா. இந்தக் கை போச்சுன்னா நான் இன்னாத்துக்கு ஆவேன்?"

சொன்னேன். மருத்துவரும் தலையசைத்தார்.

அறுவையின் நடுவே கதவைத் திறந்துகொண்டு அவரே வெளியே வந்தார். ஒரு கணுவில் ஐயமாக இருக்கிறதாம். திட்டமாகத் தெரிய ஒரு வாரம் ஆகுமாம். "இப்போது மூடிவிடலாம், தேவைப்பட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அவள் கை! அதை ஏன் என்னிடம் கேட்டார்? எத்தனையோ முறை அவர்மேல் இந்தக் கோபத்தைத் திருப்பிவிடப் பார்த்திருக்கிறேன்... திரும்பவில்லை. அவர் காத்திருக்கலாம் என்றுதானே சொன்னார்? அவளும் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டுத்தானே உள்ளே போனாள்?

"எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்றேன்.

ஏன் தெரியுமா? அவள் உயிருக்காக என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். மறுபடி ஒரு முறை அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அவ்வளவுதான். என் நிம்மதிக்காக அவள் அக்குளைக் கொடுத்தேன்.

முடிவு வந்தது. எந்தக் கணுவிலும் நோய் இல்லை!

"சுத்தமா இருந்துமா எட்த்தாங்கோ? யாரைக் கேட்டு?" என்றாள்.

"அவராகவே எடுத்துவிட்டார்" என்றேன். நாக்கு கூசவே இல்லை.

சில மாதங்களில் கை வீங்கத் தொடங்கியது. முதலில் வளையல் ஏறவில்லை. பிறகு விரல்கள் தடித்தன; திருகு பிடிபடாமல் நழுவியது. ஆலையில் ஏதோ சமாதானம் சொல்லி அவளை நிறுத்திவிட்டார்கள். ஆலை வண்டி எங்கள் தெருவைக் கடக்கும்போதெல்லாம் அவள் அந்த மருத்துவரைச் சபித்தாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். ஆமாம்... நானும்!

அடுத்த பரிசோதனைக்குப் போனோம். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. வீங்கிய கையை அவர் மேசைமேல் வைத்தாள்.

"இன்னாத்துக்குய்யா என் கைய இப்படிப் பண்ணே? மயக்கத்துல கிடந்தா நான் மனுசி இல்லியா? கேக்கணும்னு தோணலியா உனக்கு?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "தெலுங்குல சொல்லுயா. ஒரு வார்த்தை விடாம சொல்லு!"

சொன்னேன். அவள் கோபத்தைச் சிந்தாமல் சிதறாமல் தெலுங்காக்கினேன். வெட்கங்கெட்ட வாய்!

அவர் முகம் சிறுத்தது. வீங்கிய கையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தே சொன்னார்.

"ஆயன்னி அடிகே தீசானம்மா."

உங்கள் கணவரைக் கேட்டுத்தான் எடுத்தேன் அம்மா, என்று அதற்குப் பொருள்.

"இன்னாயா சொல்றாரு?"

அங்கேயே சொல்லியிருக்கலாம்... ஒரு வரிதானே? சொல்லவில்லை.

"தப்பு தன்மேல்தானாம். மன்னித்துக்கொள்ளச் சொல்கிறார்."

மருத்துவர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எந்தச் சொல் அவருக்குப் புரிந்ததோ... பிறகு குனிந்து மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

பூங்காவனம் அப்போதுதான் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. வெளியே வந்ததும் சொன்னாள்: "போவட்டும்யா. பெரிய படிப்பு படிச்சவரு, என்னாண்ட மன்னிப்புக் கேட்டாரே! இனிமே அவரைத் திட்டாதே."

என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம் அவள்! கேட்காத மனிதருக்கு மன்னிப்பைக் கொடுத்தாள். கேட்க வேண்டிய நாய் பக்கத்திலேயே பை தூக்கிக்கொண்டு நடந்தது.

அதன்பிறகாவது வாயைத் திறந்தேனா? கேளுங்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் தன் கணவனோடு வந்தாள். அவளுக்கும் மார்பில் கட்டி. திருப்பதிக்கே போகிறார்களாம். பூங்காவனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதேடி. அந்த டாக்டரு தப்பு பண்ணாலும் ஒத்துக்கிற மனுசன். ஆனா நீ மயக்கத்துல கிடக்கச்சொல்ல அவங்க இஷ்டத்துக்கு எதையாச்சும் எட்த்துடுவாங்கோ. உன் வூட்டுக்காரரைக் கதவாண்டயே நிக்கச் சொல்லு. எதுன்னாலும் அவரைக் கேட்டுக்கினு பண்ணட்டும்." என் பக்கம் திரும்பினாள். "இன்னாயா, நான் சொல்றது செரிதானே?"

மூவரும் என்னையே பார்த்தார்கள்.

"சரிதான்" என்றேன்.

திருப்பதி பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அவர்கள் எழுந்துகொண்டார்கள்.