நான் பார்த்ததாக எழுதியது

தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடம் ஆபீஸ் வேலை பார்த்தேன். ஒருநாள் காலை, தோல் வெட்டும் மெஷினில் ஒரு பெண்ணின் வலது கை சிக்கியது. இரண்டு விரல்கள் போயின. கை உள்ளே போகாமல் மறிக்கும் இரும்புத் தடுப்பு அன்று மெஷினில் இல்லை. வேலை சுணங்குகிறது என்று முதலாளிதான் அதைக் கழற்றச் சொல்லியிருந்தார். அவர் அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மத்தியானம் முதலாளி என் மேஜைக்கு வந்தார். "அவளே கழத்துனான்னு எழுதிருங்கம்மா. நீங்க பாத்ததா ஒரு கையெழுத்து, அம்புட்டுதான். பொறவு அவளுக்கு உக்காந்து செய்யுத வேலையா குடுத்துருவோம்."

எழுதிக் கொடுத்தேன்.

மாட்டுங்காவில் தத்துவம் படிக்கும் என் மகளிடம், செம்பூர் வீட்டில் சாப்பிடும்போது, பொய் எழுதுவது தப்புதானே என்று பொதுவாகக் கேட்டேன். அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இந்தத் தட்டு இருக்குன்றது உண்மை. தொட்டுக் காட்டலாம். தப்புன்றத எங்கம்மா தொட்டுக் காட்டுவ? மத்லப், அதாவது, அப்படி ஒண்ணு வெளிய இல்லவே இல்ல. நாம பழகிட்டோம், அவ்ளோதான்."

அந்தப் பேச்சு எனக்கு இதமாக இருந்தது.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துப் படுத்திருந்தாள்.

"என் தப்புதாங்க்கா. நாந்தான் கழத்திருக்கேன். எப்பக் கழத்துனேன்னுதான் ஞாவகம் வரமாட்டேங்கு. நீங்களே பாத்தியளாம்லா."

தன் ஞாபகத்தை விட என் கையெழுத்தை அவள் நம்பியிருந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. கழற்றச் சொன்னது யார், நான் எழுதியது என்ன, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத எதுக்குக்கா இப்ப சொல்லுதிய?"

வீட்டுக்குத் திரும்பினேன். அன்று மாலை மகளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நான் செஞ்சது கூடாத காரியம். யாரும் அப்படி நினைக்கலேன்னாலும் கூடாததுதான்" என்றேன்.

"அத நிரூபிக்க முடியாதும்மா." குரலில் பழைய உற்சாகம் இல்லை.

"தெரியும்."

மறுநாள் உண்மையை எழுதி முதலாளியிடமும் தொழிலாளர் ஆபீஸிலும் கொடுத்தேன். என் வேலை போயிற்று. அவளுக்குத் தருவதாகச் சொன்ன வேலையும் போயிற்று. விசாரணை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் சுனாபட்டி ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். இடது கையில் பையைப் பிடித்திருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள்: "ஒங்க மனசு ஆறுததுக்கு என் சோலிதானா கெடச்சுது?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. வண்டி வந்ததும் லேடீஸ் டப்பாவில் ஏறிக்கொண்டாள். நானும் அதில்தான் போக வேண்டும். ஏறவில்லை.